கண்டு வந்து சொல்லுதல்



பயணம் என்பதில் இரண்டு இன்பங்கள் உள்ளன. ஊரை விட்டுப் புறப்பட்டுப் புதியதோர் இடத்தைக் காண்பது முதல் இன்பம். திரும்பி வந்து, கண்டதைப் பிறர்க்குச் சொல்வது இரண்டாம் இன்பம். முதல் இன்பத்துக்குப் பணம் வேண்டும், விடுமுறை வேண்டும், பெற்றோரின் இசைவும் வேண்டும். இரண்டாம் இன்பத்துக்கு ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் முதல் இன்பத்தோடு நின்றுவிடுகின்றோம். பயணம் முடிந்ததும் பெட்டியைப் பரண்மேல் ஏற்றுவதுபோல், கண்டவற்றையும் மனத்தின் பரண்மேல் ஏற்றிவிட்டு மறந்துவிடுகின்றோம்.

அந்த இரண்டாம் இன்பத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். இறுதியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுரை எழுதக் கற்பிப்பதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதையும் இன்று உங்கள் முன் சொல்ல வேண்டியவனாக இருக்கின்றேன்.

வழிப்பயணத்தைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வது தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் உள்ள பத்து நூல்களுள் ஐந்து, ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆறு என்பது இங்கே வழியைக் குறிக்கும். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, 'நீயும் அங்கே போ. இந்த வழியாகப் போ' என்று கூறுவதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்கள் வருகின்றன. இந்த வேலூர் நாம் அறிந்த கோட்டை வேலூர் அன்று. கடற்கரை ஊரில் சுட்ட மீன் கிடைக்கும். அடுத்த ஊரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும் என்று பாணன் ஒழுங்காகச் சொல்லிச் செல்கிறான். பசியோடு நடப்பவனுக்கு வேண்டிய செய்தி இதனினும் வேறு யாது? தான் கண்டதையும் உண்டதையும், இன்னும் காணாத ஒருவனுக்குப் பயன்படும்படி சொல்கிறான். பயண இலக்கியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகின்றேன். ஏட்டுச் சுவடிகளில் கிடந்த பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டு அச்சிட்டு நமக்குத் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் பெயரால் அமைந்த நூல் நிலையம் இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் இருக்கிறது. ஒருமுறை சென்று பாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த பிழைக்கு வருகின்றேன்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. 1985ஆம் ஆண்டு என்று நினைவு. மயிலாப்பூரை அடுத்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். காலாண்டு விடுமுறை முடிந்து வந்த மாணவர்களுக்கு, 'விடுமுறையில் நான் மேற்கொண்ட பயணம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். நாற்பது கட்டுரைகள் வந்தன. உதகமண்டலம் போனவர்கள் பத்துப் பேர். கொடைக்கானல் போனவர்கள் ஏழெட்டுப் பேர். கன்னியாகுமரிக்குப் போனவர்களும் இருந்தனர். எல்லோரும் இயற்கை எழில் கொஞ்சக் கண்டனர். எல்லோர் உள்ளமும் கொள்ளை போயிற்று. எல்லோரும் பிரிய மனமின்றித் திரும்பினர். ஒரு கட்டுரையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால், அது மற்றொரு கட்டுரையாகிவிடும். அவர்களுள் எத்தனை பேர் உண்மையில் அந்த ஊர்களுக்குப் போனார்கள் என்பது ஐயமே. எனினும் பிழையின்றி எழுதியிருந்தார்கள். நல்ல மதிப்பெண் அளித்தேன்.

ஒரே ஒரு கட்டுரை வேறுவிதமாக இருந்தது. வெளியூர் செல்லத் தன் வீட்டில் வசதியில்லை என்றும், ஆகையால் தாத்தாவோடு மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை நடந்ததாகவும் ஒரு மாணவர் எழுதியிருந்தார். காலையில் தெப்பக்குளத்தருகே புறப்பட்டது, மந்தைவெளியில் ஒரு கடையில் தாத்தா காப்பி குடித்தது, கால்வாய்க் கரையில் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது, அடையாற்றுப் பாலத்தின்மேல் நின்று நீர் கடலை நோக்கி ஓடுகிறதா, கடல் ஆற்றை நோக்கி வருகிறதா என்று தாத்தாவும் பேரனும் வழக்காடியது ஆகிய எல்லாம் அதில் இருந்தன. புதிய பாலத்தை அடுத்து நின்ற பழைய பாலத்தில் சிலர் தூண்டிலோடு அமர்ந்திருந்ததும் இருந்தது. பிறகு அவர்கள் பிரம்மஞான சபையின் தோட்டத்துக்குள் சென்று பெரிய ஆலமரத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பகுதி எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. 'எது தாய்மரம், எது விழுது என்று எனக்குத் தெரியவில்லை. காவற்காரர் காட்டினார். தாத்தா அதன் அருகில் போய், அப்பாடா என்று மூச்சு விட்டார். திரும்பும்போது பேருந்தில் வந்தோம்.'

அந்தக் கட்டுரைக்கு இருபதுக்கு ஆறு மதிப்பெண் அளித்தேன். கீழே சிவப்பு மையால், 'தலைப்புக்குப் பொருந்தவில்லை. இது பயணம் அன்று' என்று எழுதினேன். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டில் அவர் எழுதிய பிற கட்டுரைகளில் இயற்கை எழில் தவறாமல் கொஞ்சியது. நானும் மகிழ்ந்தேன். ஆண்டு முடிவில் அவர் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

நான் ஏன் அவ்வாறு எழுதினேன்? பயணம் என்றால் தொலைவு என்று நான் எண்ணியிருந்தேன். எவ்வளவு தொலைவோ அவ்வளவு பெருமை என்று கருதினேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னாளில் எனக்குக் கற்பித்தவை, நம் ஊரோடு தொடர்புடைய மூன்று பயணிகளின் நூல்கள்.

முதலாமவர் ஏனுகுல வீராசாமி. சென்னை உச்சநீதிமன்றம் என்று அந்நாளில் வழங்கிய நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். ரயில் இல்லாத காலம். உற்றாரும் பணியாளருமாக ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். ஐதராபாத், நாகபுரி, பிரயாகை வழியாகக் காசி கண்டு, கல்கத்தா சென்று, கடற்கரையை ஒட்டிய வழியாக 1831ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேல் நீண்ட இப்பயணத்தை அவர் தெலுங்கில் எழுதினார். அதை எழுதத் தூண்டியவர் சென்னைக் கோமளேசுவரன்பேட்டையில் வாழ்ந்த அவருடைய நண்பர் சீனிவாச பிள்ளை. ஊரில் இருக்கும் அந்த நண்பருக்குச் சொல்வதாகவே வீராசாமி எழுதினார். எந்த ஊரில் தங்க இடம் உண்டு, எங்கே என்ன பொருள் கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடப்பது, சுங்கம் எங்கே வாங்குகிறார்கள் என்றெல்லாம் அதில் குறித்தார். அவர் மறைந்த பிறகு, 1838ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்தது. ஆற்றுப்படைப் பாணனும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரும் ஒரே தொழிலைத்தான் செய்திருக்கிறார்கள். இருவரும் ஒரு மனிதரை முன்னே நிறுத்தி, அவருக்குச் சொன்னார்கள். நீங்களும் கட்டுரை எழுதும்போது ஆசிரியருக்காக எழுதாதீர்கள். உங்களோடு வர முடியாமற்போன ஒருவரை நினைத்து அவருக்கு எழுதுங்கள். நோயுற்ற பாட்டியாக இருக்கலாம். தேர்வுக்காக வீட்டில் நின்றுவிட்ட அக்காவாக இருக்கலாம். 'இயற்கை எழில் கொஞ்சியது' என்று பாட்டியிடம் யாரேனும் சொல்வார்களா?

இரண்டாமவர் மார்க்கோ போலோ. சீனத்திலிருந்து வெனிசு நகருக்குத் திரும்பும் வழியில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், நம் கிழக்குக் கடற்கரையைக் குறித்துச் செய்திகள் திரட்டியவர். அவர் கண்டதும் கேட்டதும் நூலானது சிறைச்சாலையில். ஜெனோவா நகரத்தார் அவரைச் சிறைப்படுத்தியிருந்தபோது, உடனிருந்த ருஸ்திகெல்லோ என்னும் எழுத்தாளரிடம் அவர் சொல்ல, அவர் எழுதினார். சொல்லக் கேட்பவர் ஒருவர் வாய்த்திராவிட்டால் அந்த நூலே இல்லாமற் போயிருக்கும். புனித தோமையரின் கல்லறை உள்ள சிற்றூரைப் பற்றி அதில் ஒரு பகுதி வருகிறது. அதுவே நம் மயிலாப்பூர்க் கடற்கரையில் உள்ள சாந்தோம் என்பது அறிஞர் கருத்து. அங்கிருந்து பயணிகள் மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டவர்க்குக் கொடுக்கும் வழக்கத்தை அவர் கூறுகிறார். தோமையரின் இறப்பைக் கூறும் கதையில் மயில்கள் சூழ்ந்திருந்தன என்றும் சொல்கிறார். மயில் ஆர்க்கும் ஊரே மயிலாப்பூர் என்று கூறும் நமக்கு, வெனிசு நகரத்து வணிகர் ஒருவரின் நூலில் மயிலைக் காணும்போது வியப்பு உண்டாகிறது.

அவர் கூறும் மற்றொன்று நமக்கு நகைப்பை விளைவிக்கும். மாபார் என்று அவர் குறிக்கும் இந்த நாடு முழுவதிலும் தையற்காரரே இல்லையாம்! வெட்டித் தைத்த உடைக்கு இங்கே வேலை இல்லாததைக் கண்டு, அவர் அவ்வாறு கூறிவிட்டார். வேட்டி நமக்கு இயல்பு. ஆகவே நம் முன்னோர் அதைப் பற்றி எழுதவில்லை. அயலாருக்கு அது புதுமை, ஆகவே எழுதினார். இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாள்தோறும் காண்பதை அயலார் கண்கொண்டு ஒருமுறை பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன் தெருவே வெளிநாடாகும்.

மூன்றாமவரை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நூலின் பெயரே மனிதரின் பெயராகி வழங்கிய ஏ. கே. செட்டியார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பல நாடுகளில் பலர் எடுத்துச் சிதறிக் கிடந்த படத்துண்டுகளைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றினார். ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940ஆம் ஆண்டு அந்தப் படம் சென்னையில் வெளியாயிற்று. 1943ஆம் ஆண்டு 'குமரி மலர்' என்னும் இதழைத் தொடங்கி, 1983ஆம் ஆண்டு தாம் மறையும் காலம் வரை நடத்திவந்தார்.

இத்துணைப் பெரும்பயணம் செய்தவர் தம் நூல்களில் தம்மைப் பற்றி எவ்வளவு எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? மிக மிகக் குறைவு. எதிர்ப்பட்ட எளிய மனிதரின் பேச்சும் அவர் செய்த உதவியும் அந்த எழுத்தில் முன்னே நிற்கும். எழுதியவர் பின்னே நிற்பார். 'நான் மகிழ்ந்தேன், நான் வியந்தேன்' என்று அடிக்கடி சொல்லாமலேயே நம்மை மகிழவும் வியக்கவும் செய்வார். தாம் எழுதியதோடு அமையாது, பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து அச்சிட்டார். உலகத்தைச் சுற்றியவருக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூருக்குப் போய்வந்த ஒருவரின் கட்டுரையும் போற்றத்தக்கதாகத் தோன்றியது. அதை நான் படித்து உணர்ந்தபோது, எனக்கு அந்த மாணவரின் நினைவு வந்தது. உலகம் சுற்றிய பெரியவர் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்திருந்தால் இருபதுக்கு ஆறு அளித்திருக்கமாட்டார்.

என் சொந்த அனுபவமும் இதையே காட்டிற்று. நடுவயதில் குடும்பத்தோடு காசிக்குச் சென்றுவந்தேன். பத்து நாள் பயணம். ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. இன்று எனக்கு நினைவிருப்பன இரண்டே: ரயில் ஒன்பது மணி நேரம் தாமதமாக வந்தது, குடை தொலைந்தது. காசிக்குச் சென்றால் ஏதேனும் ஒன்றை விட்டுவர வேண்டும் என்பார்கள். நான் காசியையே விட்டுவிட்டு வந்தேன். அதற்கு மாறாக, தரங்கம்பாடியில் அரைநாள்தான் இருந்தேன். கையில் குறிப்பேடு இருந்தது. டென்மார்க்கு நாட்டார் 1620ஆம் ஆண்டு தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்பதையும், மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டதையும், 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு அந்த ஊரில் தமிழ் நூல்களை அச்சிட்டதையும் குறித்துக்கொண்டேன். கோயில் வாயிலில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர், 'கடல் இன்னும் உள்ளே வரும். அதுக்கு அவசரமில்லை' என்று சொன்னதையும் எழுதிவைத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த அரைநாள் என் கையில் அப்படியே இருக்கிறது. பத்து நாள் போயிற்று, அரைநாள் நின்றது. காரணம் எழுத்துத்தான். எழுத வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன் கூர்ந்து பார்க்கிறான். கூர்ந்து பார்த்தது மனத்தில் தங்குகிறது.

எங்கே போகலாம், என்ன எழுதலாம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த மூன்று இடங்களைச் சொல்கிறேன். மூன்றும் பேருந்துக் கட்டணத்துக்குள் அடங்குவன.

முதலாவது மயிலாப்பூர். பங்குனித் திருவிழாவின்போது போங்கள். போவதற்கு முன், திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அவர் ஏழாம் நூற்றாண்டில் சீகாழியிலிருந்து வந்தவர். இவ்வூருக்கு ஒரு பயணி. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இவ்வூரின் விழாக்களை அடுக்கிச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாடவீதியில் நின்று பாருங்கள். எது நிலைத்தது, எது மாறிற்று, எது புதிதாக வந்தது என்று குறித்தால் அதுவே ஒரு நல்ல கட்டுரை.

இரண்டாவது தியாகராய நகர். கடைத்தெருவில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள். பனகல் பூங்காவின் அருகில் நின்று, காலடியில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றச் செய்து உருவாக்கிய நகர் அது. தெருப் பெயர்களைக் குறித்துக்கொண்டே நடங்கள். நகரின் பெயரில் பிட்டி தியாகராயர் இருக்கிறார். பூங்காக்களில் பனகல் அரசரும் நடேசனாரும் இருக்கிறார்கள். சாலையில் உஸ்மான் இருக்கிறார். பாண்டி பஜாரின் பெயரில் சௌந்தரபாண்டியனார் இருக்கிறார் என்பர். ஒரு காலத்து அரசியல் வரலாறு முழுவதும் அங்கே பெயர்ப்பலகைகளில் எழுதியிருக்கிறது. புடைவைக் கடைக்குப் போகும் கூட்டத்தில் அதைப் படிப்பவர் எத்தனை பேர்? மழை பலமாகப் பெய்யும் நாளில் தண்ணீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்றும் பாருங்கள். தண்ணீருக்குத் தன் பழைய வீட்டின் நினைவு எளிதில் போவதில்லை.

மூன்றாவது அடையாறு. அதைப் பற்றிச் சொல்லும்முன், எழுதும் முறை குறித்துச் சில சொல்லிவிடுகிறேன். ஆசிரியனாக இருந்தவனுக்கு விதி சொல்லாமல் இருக்க முடியாது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த அன்றே எழுதுங்கள். நாளை என்பது மறதியின் பெயர். எண்ணத் தக்கதை எண்ணுங்கள்: எத்தனை படிகள், எத்தனை தூண்கள், எத்தனை நிமிட நடை என்று. மக்கள் பேசியதை அவர்கள் பேசியவாறே குறியுங்கள். கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுதுங்கள். சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தார். இலங்கையில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவியர் சொல்லவே, அவர் இலங்கைக்குச் செல்லவில்லை. போகாத நாட்டைப் பற்றிக் கேட்ட செய்திகள் அவர் வரலாற்றில் கேள்விச் செய்திகளாகவே நிற்கின்றன. போகாத ஊருக்குப் போனதாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற என் மாணவர்களுக்கு அன்று நான் கற்பித்திருக்க வேண்டிய பாடம் இது.

இயன்றால் ஒரு துணையோடு போங்கள். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியோடு பயணம் செய்து, இருவருமாகச் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' என்னும் நூலைக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். இருவருமே வானொலியில் பணியாற்றியவர்கள். இருவர் பார்க்கும்போது ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும்.

இனி அடையாறு. பிரம்மஞான சபை 1882ஆம் ஆண்டு தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. அந்தத் தோட்டத்தில் உள்ள ஆலமரத்தின் வயது நானூற்றைம்பது ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள். நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளுக்கு முந்திய வாரம், வீட்டில் இருந்த பழைய அலமாரியைத் தூய்மை செய்துகொண்டிருந்தேன். மாணவர்கள் திரும்பப் பெறாமல் விட்டுப்போன கட்டுரைக் குறிப்பேடுகள் சில, பள்ளிக்குப் பள்ளி நான் மாறியபோதெல்லாம் என் தாள்களோடு கலந்து வந்திருந்தன. அவற்றுள் அந்தக் குறிப்பேடும் இருந்தது. பழுப்பேறிய தாளில் நீல மை மங்கியிருந்தது. என் சிவப்பு மை மட்டும் மங்காமல் இருந்தது.

அந்தக் கட்டுரையை நின்றவாறே படித்தேன். அதில் இருந்த கால்வாய்க் கரை இப்போது இல்லை. 1997ஆம் ஆண்டு பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தது. கால்வாயின் மேல் பெரிய தூண்கள் எழுந்தன. மந்தைவெளிக் காப்பிக் கடையை நான் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆலமரத்தின் தாய்மரம் 1989ஆம் ஆண்டு வீசிய புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று அங்கே போகிறவர்கள் காண்பது விழுதுகள் தாங்கும் மரத்தை. எது தாய், எது விழுது என்று தெரியாமல் மயங்கி, காவற்காரர் காட்ட அறிந்து, அருகில் போய் மூச்சு விட்ட தாத்தாவும் பேரனும் கண்ட மரத்தை இனி யாரும் காண இயலாது. அதைக் கண்டு வந்து சொன்ன ஒருவருக்கு நான், 'இது பயணம் அன்று' என்று எழுதியிருந்தேன்.

உதகமண்டலத்தைப் பற்றி வந்த அந்தப் பத்துக் கட்டுரைகளில் ஒரு வரியும் எனக்கு இன்று நினைவில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் காலை, அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, தெப்பக்குளத்தருகே புறப்பட்டு அவர் எழுதிய வழியிலேயே நடந்தேன். மந்தைவெளியில் வேறொரு கடையில் காப்பி குடித்தேன். பாலத்தின்மேல் நின்று நீர் எந்தப் பக்கம் போகிறது என்று நெடுநேரம் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. வழக்காட உடன் ஒருவர் இல்லாதது குறையாக இருந்தது. வீடு திரும்பியதும் அன்றே நான்கு பக்கம் எழுதினேன். இளமையில் இருந்து எத்தனையோ கட்டுரைத் தலைப்புகளைப் பிறருக்குக் கொடுத்த நான், எனக்கு நானே கொடுத்துக்கொண்ட முதல் தலைப்பு அது. அந்த நான்கு பக்கங்களை எழுதியபோது நான் பெற்ற மகிழ்ச்சியே, இரண்டாம் இன்பம் என்று தொடக்கத்தில் நான் சொன்னது.

மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் தொலைதூரம் போகும் வாய்ப்புப் பெற்றவர்கள் மகிழ்ச்சியோடு போய்வாருங்கள், கண்டதை எழுதுங்கள். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் வருந்த வேண்டா. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு கல் தொலைவு நடங்கள். அவர் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். வீடு வந்ததும் எழுதுங்கள். நீங்கள் இன்று காணும் மரமும் கடையும் பாலமும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்கும் ஒரு சொல். சிவப்பு மை நெடுநாள் நிற்கும். சற்றுப் பொறுத்து எழுதுவோம்.

அந்த மாணவர் இன்று ஐம்பது வயதைக் கடந்தவராக இருப்பார். எந்த ஊரில் இருக்கிறாரோ, நான் அறியேன். வானொலி எங்கும் செல்வது. ஆகவே இதைச் சொல்கிறேன். ஐயா, உங்கள் கட்டுரை தலைப்புக்குப் பொருந்தியது. குறிப்பேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் எழுதியதை அடித்துவிட்டு, அதன் கீழே வேறொன்று எழுதி வைத்திருக்கிறேன். வந்தால் காட்டுகிறேன்.